நிறம் போனது, உப்பு நின்றது: நொய்யல் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறையைக் காட்டினேன். முழ நீளக் கண்ணாடிக் குழாய். அதற்குள் தென்னை நார்க்கழிவை, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் நார்த்தூளை, சுட்டுச் செய்த கரி. மேலிருந்து ஊற்றியது சாயப்பட்டறைத் தண்ணீர், நல்ல செந்நிறம். கீழே குவளையில் சொட்டியது பளிங்கு போன்ற நீர். சுற்றி நின்றவர்கள் குவளையை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். வயதில் மூத்த விவசாயி ஒருவர் மட்டும் அதைத் தொடவில்லை. “தம்பி, இதைத் தென்னங்கன்றுக்கு ஊற்றலாமா?” என்று கேட்டார்.

நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் பையிலிருந்து எடுத்து, மீதமிருந்த சிவப்பு நீரில் ஒரு முறையும் தெளிந்த நீரில் ஒரு முறையும் அமிழ்த்தினேன். இரண்டு எண்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. “அப்படியானால் கன்றுக்கு இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

விவசாயக் கழிவைக் கொண்டு நீரைச் சுத்தம் செய்யலாம் என்று யார் சொன்னாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. செய்யலாம், நானே செய்திருக்கிறேன். ஆனால் எந்த நீரிலிருந்து எதை எடுக்கிறோம், எடுத்ததைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம் என்று சொல்லாமல் ‘செய்யலாம்’ என்று மட்டும் சொல்வது ஆற்றங்கரை மக்களுக்கு இழைக்கும் அநீதி. இதை உணர்வதற்குத் திருப்பூரை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவு இங்கே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யும் என்று ஆய்வாளர்கள் சொன்ன தென்னைக் கழிவும் இங்கேதான் குவிகிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு மேடுகள். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரிச் சூளைகள். (கொட்டாங்கச்சி, சிரட்டை என்று மற்ற ஊர்களில் சொல்வதை இங்கே தொட்டி என்பார்கள்.) இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், ஒன்று மற்றொன்றைத் தீர்க்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

ஆற்றுக்கு நேர்ந்தது

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, தன் பெயரையே கொண்ட ஊரில் காவிரியில் கலக்கிறது. 1980களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்தபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஓடைகளின் ஓரத்திலும் ஆற்றின் ஓரத்திலும் பெருகின. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் ஓடியது பெரும்பாலும் இவற்றின் கழிவுநீரும் நகரத்துச் சாக்கடையும்தான்.

இந்த நிலையில் 1992ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஏறக்குறைய பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். பாசன நீருக்காகக் கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. தேங்கியது அங்கேயே நிற்கவில்லை; மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறியது. அணையைக் கேட்டுப் போராடுவது இந்த நாட்டில் வழக்கம். இங்கே அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். அப்படி ஒரு கோரிக்கையை வைக்கும்படி ஒரு உழவரைத் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வழக்கின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர்களென்று கணக்கெடுக்கப்பட்ட விவசாயிகள் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேல். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவுநீர் ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒட்டுமொத்தமாக மூட உத்தரவிட்டது. சாயம் போட வேண்டிய துணி வெளியூர்களுக்கு லாரி ஏறியது. வேலையிழந்த தொழிலாளர்களின் துயரமும் கிணறு இழந்த விவசாயிகளின் துயரமும் அந்த ஆண்டில் ஒரே தெருவில் எதிரெதிரே நின்றன.

ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு

அந்த நீரில் இருந்தது என்ன? கண்ணுக்குத் தெரிந்தது சாயம். மண்ணைக் கொன்றது உப்பு.

பருத்தித் துணிக்குப் போடும் சாயம் பெரும்பாலும் ரியாக்டிவ் வகை. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. இந்தச் சாயமும் எதிர்மின் தன்மை உடையதே. ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தை மறைத்து, சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவதற்குத்தான் உப்பு: சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம்கூடப் போடுகிறார்கள். துணியின் எடையைப் போல் எட்டு மடங்கு நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. நாம் போடும் ஒரு டி-ஷர்ட்டின் பின்னால் ஒரு கைப்பிடி உப்பு இருக்கிறது. இந்த உப்பில் துணி எதையும் வைத்துக்கொள்வதில்லை. போட்டது முழுவதும் கழிவுநீரில் வந்து சேரும்.

அடுத்ததாக, சாயத்தை நூலோடு பிணைக்கச் சோடா ஆஷ் சேர்ப்பார்கள். நீர் காரமாகிறது. அப்போது சாயத்தின் ஒரு பகுதி நூலோடு வினைபுரிகிறது. மற்றொரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. வீணாகும் பங்கு, சாயத்தைப் பொறுத்தும் நிறத்தைப் பொறுத்தும், பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்கு வரை. அதுதான் ஆற்றைச் சிவப்பாகவும் நீலமாகவும் ஓட வைத்தது.

சோடியம் மிகுந்த நீர் பாய்ந்த செம்மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. வேர் மூச்சுவிட இடமில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கழிவுநீரை வெளியே விடுவதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்பு 2,100. சாயத் தொட்டியிலிருந்து இறக்கும் முதல் தண்ணீரில் இருப்பதோ பல்லாயிரம்.

தொண்ணூறுகளின் இறுதியில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த நீருக்குச் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பும் கொட்டின. நிறம் குறைந்தது. கூடவே சேறு பெருகியது. கரைந்த உப்போ குறையாமல் இன்னும் கொஞ்சம் ஏறியது. தெளிந்த நீர் ஆற்றில் விழுந்தபோது பார்வைக்குத் தூய்மையாக இருந்தது. என் கண்ணாடிக் குழாய் தோட்டத்தில் செய்த தவறை, அந்த நிலையங்கள் நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டரில் செய்தன.

ஆய்வகத்தில் கிடைத்த வெற்றி

நார்க்கழிவு ஆராய்ச்சி இந்த மண்ணிலேயே முளைத்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் தொண்ணூறுகளிலிருந்தே வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவு என்று கையில் கிடைத்த எளிய பொருள்களையெல்லாம் சாய நீரில் போட்டுச் சோதித்தார்கள். உலகெங்கும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அந்தக் கட்டுரைகளை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. பக்கத்து ஊர் நார் மில்லுக்குப் பின்னால் கிடந்த தூளை ஓர் ஆய்வுப் பொருளாகப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

2002இல் வெளியான அவர்களுடைய ஓர் ஆய்வு, நார்க்கழிவுக் கரி காங்கோ சிவப்பு என்ற சாயத்தைப் பிடிப்பதைப் பற்றியது. முடிவை ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தார்கள்: ஒரு கிராம் கரி சுமார் 6.7 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும். அமிலத்தன்மை உள்ள நீரில் நன்றாகப் பிடிக்கும். இந்த இரண்டு செய்திகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கழிவுநீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைத்துக்கொள்வோம். கரி தன் முழு வலிமையையும் காட்டினால்கூட லிட்டருக்கு 15 கிராம் தேவை. நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் வரும் நிலையத்துக்கு 75 டன். ஒவ்வொரு நாளும். கரியாகச் சுடும்போது எடையின் பெரும்பகுதி போய்விடுவதால், அதற்கு வேண்டிய நார்க்கழிவு அதைப் போல் சில மடங்கு. மறுநாள் காலையில் சாயம் ஊறிய அந்த 75 டன் ஈரக் கரியை எங்கே கொட்டுவது? இத்தனைக்குப் பிறகும் நீரிலிருந்த உப்பில் ஒரு சிட்டிகையும் குறைந்திருக்காது.

சாயத்தை 95 சதவீதம் நீக்கியது, 99 சதவீதம் நீக்கியது என்று வரும் செய்திகளை நான் நம்பாமல் இல்லை. ஆனால் சதவீதம் எதையும் சொல்வதில்லை. ஒரு குவளை நீரில் ஒரு கூடை கரியைப் போட்டால் எந்தச் சாயமும் 99 சதவீதம் போய்விடும். கேட்க வேண்டியது, ஒரு கிராம் எத்தனை மில்லிகிராமைப் பிடித்தது என்பது.

இன்னொரு சிக்கல் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது. கல்லூரி ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்கு நாங்கள் எடுப்பது மெத்திலீன் நீலம். மலிவு, எளிதில் கிடைக்கும், நிறத்தை அளப்பதும் சுலபம். அது நேர்மின் தன்மை உள்ள சாயம். உமி, நார்த்தூள், கடலைத்தோல், கரும்புச் சக்கை ஆகிய எல்லாவற்றின் மேற்பரப்பும் நீரில் எதிர்மின் தன்மை கொள்வது. ஆகவே மெத்திலீன் நீலம் தானாக ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தக் கழிவைப் போட்டாலும் வெற்றி. திருப்பூரின் சாயங்களோ எதிர்மின் தன்மை கொண்டவை. வரும் நீரும் காரமானது. காரம் கூடக் கூடக் கழிவின் மேற்பரப்பு இன்னும் எதிர்மின் ஆகிறது, சாயத்தை இன்னும் தள்ளுகிறது. பருத்தியும் செல்லுலோஸ், நார்த்தூளிலும் கணிசமான பங்கு செல்லுலோஸ். பருத்தி ஏற்காமல் விட்டுவிட்ட சாயத்தை, அதன் பங்காளியிடம் கொண்டுபோய் ‘நீயாவது ஏற்றுக்கொள்’ என்று கெஞ்சுவது போன்றது இது. நீரில் உள்ள உப்பு இங்கேயும் விலக்கத்தை ஓரளவு மறைத்து உதவத்தான் செய்கிறது. ஆனாலும் போதாது.

அன்று தோட்டத்தில் காட்டிய செய்முறையில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தச் சிவப்பு நீருக்கு முந்தைய நாளே ஆய்வகத்தில் அமிலம் சேர்த்திருந்தேன். சேர்க்காமல் ஊற்றியிருந்தால் குவளை அவ்வளவு தெளிந்திருக்காது. இப்படி அமிலம் சேர்ப்பதை ஒரு கட்டுரையில் ஒரு வரியில் எழுதிவிடலாம். 50 லட்சம் லிட்டர் கார நீரை அமிலமாக்கி, சுத்தம் செய்தபின் மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு படியிலும் பிறப்பது உப்பு. நிறத்தை எடுப்பதற்காக உப்பைக் கூட்டியிருப்போம்.

சுடாத நார்த்தூளை நேராகப் போட்டவர்களுக்கு வேறோர் அனுபவம் காத்திருக்கும். அதிலுள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் கரைந்து, தண்ணீர் கட்டன் தேநீர் போல் ஆகிவிடும். என் முதல் சோதனையில் சாயம் போன இடத்தில் பழுப்பு வந்து உட்கார்ந்தது. சோதனைக் குழாயைக் கழுவக்கூட மனம் வராமல் அன்று மாலை வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

‘கழிவு’ என்ற சொல்லும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் நார்க்கழிவைச் சாலையோரம் கொட்டிக் கொளுத்தினார்கள். பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதை மட்கு உரமாக்கக் கற்றுக்கொடுத்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, மண்ணில்லா விவசாயத்துக்காக வெளிநாடுகளுக்குக் கப்பலில் ஏற்றுகிறார்கள். விலை உள்ள சரக்கு அது. ‘இலவசமாகக் கிடைக்கும் கழிவு’ என்று தொடங்கும் ஆய்வுத் திட்டங்களை எழுதுபவர்கள் ஒரு முறை பொள்ளாச்சிக்கு வந்து விலை விசாரிக்க வேண்டும்.

தொட்டிக் கரியின் துளைகள்

தேங்காய்த் தொட்டியின் கதை வேறு. ஆய்வகத்தைத் தாண்டி உண்மையாகவே உலகத்தைச் சுற்றி வந்த விவசாய உபபொருள் அது. முதல் உலகப் போரில் நச்சு வாயுவுக்கு எதிரான முகமூடிகளுக்காக அமெரிக்காவில் பழக்கொட்டைகளையும் தேங்காய்த் தொட்டிகளையும் சேகரித்துக் கரியாக்கினார்கள். இன்று நம் வீட்டுக் குடிநீர்க் கருவிக்குள் இருக்கும் கறுப்புத் துகள்களும் பெரும்பாலும் இதே தொட்டியிலிருந்து வந்தவை.

தொட்டியைக் காற்றுக் குறைவில் சுட்டால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரியாக மிஞ்சும். அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவியில் வைத்தால், நீராவி கரியை உள்ளே அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறது. ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு திறக்கிறது. ஒரு தேக்கரண்டி கரிக்குள் ஒரு வயல். இந்தப் பரப்பின் மேல் வந்து பொருள்கள் ஒட்டிக்கொள்வதைத்தான் பள்ளிப் பாடநூல் பரப்புக் கவர்தல் என்கிறது.

ஆனால் அந்த வயலுக்குள் நுழையும் வாசல்கள் மிகக் குறுகியவை. தொட்டிக் கரியின் துளைகளில் பெரும்பாலானவை இரண்டு நானோமீட்டருக்கும் சிறியவை. குளோரின், துர்நாற்றம் தரும் சிறு மூலக்கூறுகள், கரைப்பான்களின் ஆவி இவையெல்லாம் உள்ளே போய்விடும். ரியாக்டிவ் சாயம் பெரிய மூலக்கூறு. திருப்பூரில் கறுப்புக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் பிளாக் 5இன் மூலக்கூறு எடை 991. மெத்திலீன் நீலத்தின் எடையைப் போல் மூன்று மடங்கு. பெரிய சாய மூலக்கூறுகள் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் பரப்பு வீணாகும். நல்ல கரி என்று பெயரெடுத்த கரிகூட இந்த ஊரின் சாயத்துக்குப் பொருந்தாததாக இருக்கலாம். பெரிய துளைகள் விழும்படி மரத்திலிருந்து செய்த கரி இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும்.

திருப்பூரைக் கடைசியில் மீட்டது சவ்வும் நெருப்பும். ஆர்.ஓ. சவ்வுகள் கழிவுநீரிலிருந்து பெரும்பகுதியை நல்ல நீராகப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கி, குளிரவைத்து, கிளாபர் உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள்; உப்புநீரையே மறுபடி சாயமிடப் பயன்படுத்தும் முறையும் வந்தது. 2011இல் தமிழக அரசு இதற்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மறுபடி இயங்கத் தொடங்கின. செலவு மிகுந்த வழிதான். ஆனால் அந்த மூத்த விவசாயியின் கேள்விக்குப் பதில் சொல்லும் வழி அது ஒன்றே. உப்பை நீரிலிருந்து பிரித்துக் கையில் எடுத்துக்கொள்ளாமல், ஆற்றைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் இன்றும் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. சேற்றின் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்குப் போகிறது.

காங்கேயத்துக் கிணறுகள்

இந்த ஆய்வில் என்னை மிகவும் வருத்திய பகுதி இது.

நீரைச் சுத்தம் செய்யும் கரி எப்படிப் பிறக்கிறது? காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் வட்டாரங்களில் தொட்டியைக் குழிகளிலும் உருளைகளிலும் போட்டுச் சுடுகிறார்கள். வெந்த கரி காற்றுப்பட்டால் சாம்பலாகிவிடும் என்பதால், தண்ணீர் அடித்து அணைப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் தாரும் பீனால் வகைப் பொருள்களும் கலந்து கறுப்பாக மண்ணில் இறங்குகிறது. தங்கள் கிணற்று நீர் நிறம் மாறி நாற்றமடிக்கிறது என்று அந்த ஊர் விவசாயிகள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். புகை இன்னொரு பக்கம்.

யாரோ ஒருவர் வீட்டில், எங்கோ ஒரு நாட்டில், குழாயைத் திறந்தால் குளோரின் வாடையில்லாத நீர் வருகிறது. அந்த நீருக்கான கரி சுடப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிறது. எந்த ஆய்வுக் கட்டுரையின் வரைபடத்திலும் இந்தக் கிணறு இடம்பெறாது. நாங்கள் ஆய்வகத்தில் 50 கிராம் கரி சுடும்போது வரும் தாரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறோம். ஊரளவில் அந்த வாஷ்பேசின் யாருடையது என்று கேட்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆனதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மூடிய சூளைகளில் சுட்டு, வரும் வாயுவை அங்கேயே எரித்து, அந்த வெப்பத்தைச் சூளைக்கே திருப்பலாம். தண்ணீருக்குப் பதில் காற்றுப் புகாத மூடியில் ஆறவிடலாம். முதலீடு கூடும், கரியின் விலையும் கூடும். கூடட்டும். சுத்தமான நீரின் விலைக்குள் காங்கேயத்துக் கிணற்றின் விலையும் அடங்க வேண்டும்.

பொருந்தும் இடம்

இவ்வளவு சொன்னதால் நான் இந்த ஆராய்ச்சியையே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இடம் பொருந்தினால் உமியும் நார்த்தூளும் அருமையான வேலைக்காரர்கள்.

கோவையில் சிறிய முலாம் பூசும் பட்டறைகள் உண்டு. குரோமிய முலாம் பூசியபின் பொருளைக் கழுவும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். இந்த நீரின் அளவு குறைவு, நஞ்சு அதிகம்; நீர் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. நார்த்தூளில் நிறைந்திருக்கும் லிக்னின் (தாவரத்துக்கு உறுதி தரும் பொருள்) இந்த அமில நீரில் குரோமியத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, நச்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்கிவிடுகிறது. இறங்கிய உலோகத்தில் ஒரு பங்கைத் தன்னிடமே பிடித்தும் வைக்கிறது. சாயத்தில் எதிரியாக இருந்தது எல்லாம் இங்கே துணையாக நிற்கிறது. உலோகம் ஏறிய தூளும் மூட்டைக் கணக்கில்தான் இருக்கும்; பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்ததை அறிந்தவர்களுக்கு, பட்டறை வாசலிலேயே சில கிராமைப் பிடித்து நிறுத்துவதன் அருமை தெரியும்.

நெல் உமிக்கும் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி; உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சாம்பலில் நானோ வெள்ளித் துகள்களை ஏற்றி, மின்சாரமோ குழாய் நீரோ இல்லாமல் இயங்கும் ‘டாடா ஸ்வச்’ என்ற வடிகட்டி 2009 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. ஒரு குடுவை 3,000 லிட்டர் வரை கிருமிகளைத் தடுக்கும் என்றார்கள். உப்பை எடுக்கும் என்று அது உரிமை கோரவில்லை. செய்ய முடிந்ததை மட்டும் சொன்னது என்பதால் அந்தக் கருவியின் மேல் எனக்கு மதிப்பு.

இந்த ஆண்டு முதுகலை மாணவர்கள் இருவர் கடலைத்தோல் கரியைத் திட்டப்பணிக்கு எடுத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் மெத்திலீன் நீலப் பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். மேசை மேல் இருப்பது ஒரு பட்டறையின் அனுமதியோடு வாங்கி வந்த ஐந்து லிட்டர் கேன்: உப்பும் சோடாவும் வீணான சாயமும் சேர்ந்த, இன்னும் வெதுவெதுப்பு ஆறாத உண்மையான சாயநீர். கேனைத் திறந்ததும் முதல் மாணவி பி.எச். தாளை நனைத்தாள், தாள் நீலமாகியது. மற்றவன் டி.டி.எஸ். மீட்டரை விட்டான், அதன் அளவெல்லையைத் தாண்டிவிட்டதால் எண் வரவில்லை. பத்து மடங்கு நீர் சேர்த்து மறுபடி அளந்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டையும் எழுதச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில், சுடும்போது வந்த தார் எத்தனை மில்லிலிட்டர், அதை எந்த பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறோம் என்று எழுதச் சொன்னேன். சாயம் எவ்வளவு போனது என்பது மூன்றாம் பக்கத்தில் வரும்.